கையுறை விழுந்தால் கரகோஷம்

2024 பிப்ரவரி 18. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். திறந்தவெளி மைதானத்தின் நடுவே ஐஸ் தளம் போட்டிருக்கிறார்கள். நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் நியூயார்க் ஐலாண்டர்ஸுக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம். ரேஞ்சர்ஸ் தரப்பில் முதலில் இறங்கியவர்களில் ஒருவர் 73-ஆம் எண் ஜெர்சி போட்ட நெட்டைப் பையன். பெயர் மேட் ரெம்ப்பி. வயது 21. உயரம் ஆறடி ஏழு அங்குலத்துக்கு மேல். ஸ்கேட்டிங் காலணி மாட்டினால் ஏழடியைத் தொடும்.

நடுவர் பக்கைக் கீழே போட்டார். பக் என்பது கெட்டியான ரப்பர் வட்டு, ஐஸ் ஹாக்கிக்கு அதுதான் பந்து. ரெம்ப்பி அதன் பக்கமே திரும்பவில்லை. இரண்டு கையுறைகளையும் உதறினார். எதிரே ஐலாண்டர்ஸின் மேட் மார்ட்டின், 34 வயது, இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரும் உதறினார். என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகில் ரெம்ப்பிக்கு அதுதான் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்தின் முதல் நொடிகளிலேயே முதல் குத்து விழுந்தது. ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்றது.

அங்கே இருந்த பெரும்பாலோருக்கு ரெம்ப்பி யாரென்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் அவர் பழைய ஆள். இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்ட்டில் ஆறாவது சுற்றில் 165-ஆவது ஆளாக எடுத்தது, சியாட்டில் ஜூனியர் அணியில் ஆடியது, அந்த வாரம் வரைக்கும் ரேஞ்சர்ஸின் துணை அணிக்காக ஹார்ட்ஃபோர்டில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்வந்தது என்று அவர் ஜாதகத்தையே ஒப்பிக்கக்கூடியவர்கள் அவர்கள். கோல் போடும் நட்சத்திரங்களை உலகமே பார்த்துக்கொள்ளும். இவர்கள் பார்ப்பது அணியின் இரண்டு ஓரங்களை: மேலே வரத் துடிக்கும் சின்ன லீக் பையன்களையும், மேலே வந்ததும் சண்டைக்கு நிறுத்தப்படும் முரட்டு ஆட்களையும். பல சமயம் இரண்டும் ஒரே ஆள்தான்.

ஐந்து நிமிடத் தண்டனை

ஐஸ் ஹாக்கியில் ஒரு ஆட்டத்துக்கு 12 முன்கள வீரர்கள், ஆறு தடுப்பாளர்கள், இரண்டு கோல்கீப்பர்கள் களமிறங்கத் தயாராக இருப்பார்கள். முன்கள வீரர்களை மூன்று மூன்று பேராக நான்கு வரிசைகளாகப் பிரிப்பார்கள். ஒரு வரிசை முக்கால் நிமிடம் மூச்சைக் கொடுத்து ஆடிவிட்டு வெளியேறும், அடுத்தது உள்ளே குதிக்கும். முதல் வரிசைக்காரர் ஒரு ஆட்டத்தில் 20 நிமிடம் ஆடுவார். நான்காம் வரிசைக்காரருக்கு அதில் பாதி கிடைத்தால் அதிகம்.

மற்றப் பெரும்பாலான குழு விளையாட்டுகளில் எதிராளியை முகத்தில் குத்தினால் அதோடு அந்த ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்.எச்.எல்.லில் இருவரும் மனம் ஒப்பிச் சண்டை போட்டால் தண்டனை ஐந்து நிமிடம். பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து ஆடலாம். இந்த விதியின் இடுக்கில் முளைத்த வேலைதான் 'என்ஃபோர்சர்'. தன் அணியின் நட்சத்திரத்தை எவனாவது குறுக்குவழியில் இடித்தால் போய்க் கேட்க வேண்டிய ஆள் அவர். வேய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனில் கோல் மழை பொழிந்தபோது பக்கத்தில் டேவ் செமென்கோ இருந்தார், மார்ட்டி மெக்சோர்லி இருந்தார். 1988-இல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றபோது மெக்சோர்லியும் கூடவே போனார். ஊர் எல்லையில் அரிவாளோடு கருப்பசாமி நிற்பது போல ஒரு ஏற்பாடு.

1970-களில் இதையே ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணி ஆட்டத் திட்டமாக்கியது. டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 சீசனில் 472 தண்டனை நிமிடங்கள் வாங்கினார். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் தொடவில்லை. அணி 1974, 1975 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. அதன்பிறகு என்ஃபோர்சர் இல்லாத அணியே இல்லை என்றானது.

சண்டையைக் கிட்டத்தில் பார்த்தால் அதற்குள் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் ஒரு கேள்வி, "போகலாமா?" எதிராளி தலையசைத்தால் இருவரும் கையுறையை உதறுவார்கள். வழுக்கும் ஐஸில் கால் ஊன்றிக் குத்த முடியாது. அதனால் இடது கையால் எதிராளியின் ஜெர்சியைத் தோள்பட்டைக்குக் கீழே கொத்தாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடிதான் ஊன்றுகோல், பிடி போனால் சண்டை போச்சு. ஜெர்சியின் உள்பக்கம், முதுகுக்குக் கீழே, கால்சட்டையோடு மாட்டும் பட்டை ஒன்று உண்டு. ஜெர்சியைத் தலைக்கு மேலே இழுத்துக் கண்ணையும் கையையும் கட்டிப்போடும் தந்திரத்துக்கு எதிரான பட்டை அது. பஃபலோ அணியின் ராப் ரே சண்டை வந்தால் ஜெர்சியையே கழற்றிவிட்டு நிற்பார்; பிடிக்க எதுவும் கிடைக்காமல் எதிராளி திண்டாடுவார். அவர் பெயராலேயே அந்தப் பட்டை விதியை இன்னமும் சொல்கிறார்கள். உதவி நடுவர்களான லைன்ஸ்மேன்கள் இருவரும் ஓரமாக நிற்பார்கள். ஒருவர் விழும்வரை, அல்லது இருவர் கையும் ஓயும்வரை குறுக்கே வரமாட்டார்கள். விழுந்தவரைக் குத்தக் கூடாது. முடிந்ததும் சக வீரர்கள் ஹாக்கி மட்டையால் பக்கச்சுவரைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம்தான் அவருக்கு மரியாதை.

205-உம் 202-உம்

இனி அந்த இன்னொரு ஓரம். ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் என்.எச்.எல். டிராஃப்ட் நடக்கிறது. 32 அணிகள், ஏழு சுற்று, 224 பையன்கள். முதல் சுற்றில் எடுக்கப்படுபவனுக்கு மேடை, தொப்பி, தொலைக்காட்சிப் பேட்டி எல்லாம் உண்டு. ஆறாவது, ஏழாவது சுற்றுப் பையன்களை நினைவில் வைத்துக்கொள்வது இந்த ரசிகர்கள் மட்டும்தான்.

அதற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ரேஞ்சர்ஸ் அணி ஏழாவது சுற்றில், 205-ஆவது இடத்தில், ஒரு ஸ்வீடன் நாட்டுக் கோல்கீப்பரை எடுத்தது. பெயர் ஹென்றிக் லண்ட்குவிஸ்ட். பதினைந்து சீசன் ரேஞ்சர்ஸின் கோலைக் காத்து, 2023-இல் ஹாக்கியின் புகழரங்கில் இடம் பெற்றார். 204 பேரைத் தாண்டிக் கிடந்த ஒரு பெயர்! அப்படி ஒன்று நடந்துவிட்டால் பிறகு எந்தப் பட்டியலின் அடிவரியையும் ரசிகரால் அலட்சியமாகத் தாண்ட முடியாது.

அடுத்த ஆண்டு, 2001-இல், அதே ஏழாவது சுற்றில் 202-ஆவதாக மினசோட்டா வைல்ட் அணி ஒரு கனடாப் பையனை எடுத்தது. அவர் டெரெக் பூகார்ட். 2010-இல் இந்த இருவரும் ரேஞ்சர்ஸின் உடைமாற்றும் அறையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருவர் கைகளால் பக்கைத் தடுக்கிறவர், மற்றவர் கைகளால் ஆட்களைத் தடுக்கிறவர்.

எடுக்கப்பட்ட பையன்கள் நேரே மேலே போவதில்லை. ஏ.எச்.எல். எனப்படும் அமெரிக்கன் ஹாக்கி லீகில் ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் ஒரு துணை அணி உண்டு. இன்று என்.எச்.எல்.லில் ஆடும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள். ரேஞ்சர்ஸுக்கு அது ஹார்ட்ஃபோர்டு வுல்ஃப் பேக். கனெடிகட் மாநிலத்தின் தலைநகர் ஹார்ட்ஃபோர்டு. முன்பு அந்த ஊருக்கே வேலர்ஸ் என்று சொந்தமாக என்.எச்.எல். அணி இருந்தது. 1997-இல் அது வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தது, அதே ஆண்டு வுல்ஃப் பேக் வந்தது. பெரிய அணியை இழந்த ஊர் சின்ன அணியை மடியில் போட்டுக்கொண்டது. ஹார்ட்ஃபோர்டிலிருந்து ரேஞ்சர்ஸின் சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். அந்தத் தூரத்தைக் கடக்கச் சிலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், சிலருக்கு ஆயுள் போதாது.

சின்ன லீகின் வாழ்க்கை பஸ்ஸில் கழியும் வாழ்க்கை. 72 ஆட்டம், பெரும்பாலும் வார இறுதிகளில். வெள்ளி இரவு ஓர் ஊர், சனி இரவு இன்னோர் ஊர், ஞாயிறு மதியம் மூன்றாவது ஊர். மூன்றாம் நாள் ஆட்டத்தில் கால்கள் கல்லாகக் கனக்கும். அந்த மூன்றாம் நாளில் எவன் இன்னும் பின்னோக்கி ஓடிவந்து தடுக்கிறான் என்று பார்ப்பதுதான் அனுபவமுள்ள ரசிகரின் கண். சம்பள வித்தியாசமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ரெம்ப்பி மேலே வந்த சீசனில் என்.எச்.எல்.லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். தொடக்க ஒப்பந்தக்காரர் கீழே ஆடினால் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான்.

எல்லாச் சின்ன ஊர்களும் ஏக்கத்தோடு வாழ்வதில்லை. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி, சாக்லேட் கம்பெனியால் பிறந்த ஊர். அதன் பேர்ஸ் அணி 2024-இல் ஏ.எச்.எல்.லின் சாம்பியன் கோப்பையான கால்டர் கோப்பையை 13-ஆவது முறையாக ஜெயித்தது. ஆண்டுக்கு ஒருநாள், சொந்த அணி முதல் கோல் போட்டதும், ரசிகர்கள் கொண்டுவந்த கரடிப் பொம்மைகளை ஐஸ் தளத்தில் வீசுவார்கள். அவை குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குப் போகும். 2025 ஜனவரியில் விழுந்த பொம்மைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. தளமே தெரியாமல் பொம்மைக்குள் முழங்கால் புதைய வீரர்கள் நிற்பார்கள். நாளை பேர்ஸின் மேல் அணியான வாஷிங்டனுக்குப் போய்ப் பேர்வாங்கப் போகிற பையனை இன்று கைநீட்டித் தொடும் தூரத்தில் பார்க்கிற சுகத்தை எந்தப் பெரிய அரங்கமும் தராது.

ஒரே கதவு

பூகார்டின் கதையை விலாவாரியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டு ஓரங்களும் அவரிடம்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

சஸ்காட்சுவான் மாநிலப் பையன். தந்தை கனடாவின் மத்திய காவல்துறையில் வேலை பார்த்தார், மாற்றலாகிப் போகும் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் போனது. வகுப்பிலேயே நெட்டையான, கூச்சம் நிறைந்த பையன். ஸ்கேட்டிங் சுமார். மெல்ஃபர்ட் என்ற ஊரில் பதின்ம வயதில் ஒருநாள் ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி, எதிரணி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குள்ளேயே புகுந்து கண்டபடி கை வீசினார். பையன்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். அன்று பார்வையாளர் வரிசையில் ரெஜைனா ஜூனியர் அணியின் ஆள்தேடுவோர் இருந்தார்கள். அவர்கள் அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு பையன் தன் வாழ்க்கையின் மோசமான ஐந்து நிமிடத்தில் இருந்தபோது அவனுக்கு வேலை கிடைத்தது. கோல் போடத் தெரிந்தவனுக்குப் பத்துக் கதவு திறந்திருக்கும். அவனுக்குத் திறந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

டிராஃப்ட்டுக்குப் பிறகு ஈ.சி.எச்.எல். என்ற இன்னும் கீழ்ப்படியில், லூயிசியானா மாநிலத்தில் ஒரு சீசன். பிறகு ஏ.எச்.எல்.லில், டெக்சஸின் ஹூஸ்டன் ஏரோஸ் அணியில் இரண்டு சீசன். ஐஸே உறையாத ஊர்களில் ஐஸ் ஹாக்கி. அங்கெல்லாம் அவர் ஸ்கேட்டிங்கைத் திருத்திக்கொண்டார், மூலைகளில் உடம்பைப் பயன்படுத்தக் கற்றார், கூடவே குத்தினார். 2005 அக்டோபரில் மினசோட்டாவுக்காக என்.எச்.எல்.லில் இறங்கியபோது ஹூஸ்டன் ரசிகர்கள் பலரும் தங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்ததுபோல மகிழ்ந்தார்கள்.

மினசோட்டா அவரைத் தலையில் தூக்கி வைத்தது. 'பூகிமேன்' என்று செல்லப்பெயர். 2006-இல் அனஹைம் அணியின் டாட் ஃபெடோரக்கை அவர் அடித்த ஒரே குத்தில் கன்ன எலும்பு நொறுங்கியது. டைட்டானியத் தகடு வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அதே ஃபெடோரக் மினசோட்டாவுக்கு வந்து பூகார்டின் சக வீரரானார். அந்தத் தொழில் அப்படிப்பட்டது, அதில் தனிப்பகை இல்லை. ரெஜைனாவில் பூகார்டும் அவர் தம்பியும் பிள்ளைகளுக்கு ஹாக்கிச் சண்டைப் பயிற்சி முகாமே நடத்தினார்கள். ரத்தம் தெறித்தது போலச் சாயம் அடித்த டீ-ஷர்ட்டுகள் அங்கே கொடுக்கப்பட்டன.

என்.எச்.எல்.லில் 277 ஆட்டம் ஆடி அவர் போட்டது மூன்று கோல். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நான்கரை ஆண்டுக்கு மேல் இடைவெளி. மூன்றாவது கோலை 2010 நவம்பரில் ரேஞ்சர்ஸ் ஜெர்சியில் போட்டபோது மேடிசன் ஸ்கொயர் கார்டன் அதிர்ந்த அதிர்வு, நட்சத்திரங்களின் கோலுக்குக்கூடக் கிடைக்காதது. கூட்டம் வெறும் முஷ்டியை மட்டும் நேசிக்கவில்லை என்பதற்கு அந்தக் கூச்சல் சாட்சி. குத்துவதற்கென்று வைத்திருந்த கையால் ஒருவன் கோல் போடுவதைப் பார்க்கத்தான் அத்தனை ஆண்டும் காத்திருந்தார்கள்.

ஒரே மாதம்தான். டிசம்பர் 9-ஆம் தேதி ஒட்டாவாவில் மேட் கார்க்னரோடு நடந்த சண்டையில் தலையில் அடிபட்டது. அதன்பிறகு அவர் ஆடவேயில்லை. நான்கு ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் 22 ஆட்டத்தோடு சரி. வெளிச்சம் தாங்காத தலைவலி, வலி மாத்திரைப் பழக்கம், மறுவாழ்வுச் சிகிச்சை. 2011 மே 13 அன்று மினியாபொலிஸ் வீட்டில், மதுவும் ஆக்சிகோடோன் வலி மாத்திரையும் சேர்ந்து அவர் உயிரைக் கொண்டுபோயின. வயது 28.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் மூளையை ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவோருக்கு வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது. அதே நோய் அதற்கு முன்பே டெட்ராய்ட்டின் சண்டைக்காரர் பாப் ப்ரோபர்ட்டுக்கும் இருந்ததாகக் கண்டிருந்தார்கள். ப்ரோபர்ட் இறந்தது 45 வயதில். 28 வயதுப் பூகார்டின் மூளையில் சிதைவு அவரைவிட முற்றியிருந்தது.

கோடை 2011

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் ரிக் ரிப்பியன் இறந்தார், வயது 27. ஆகஸ்ட் 31-இல் வேட் பெலாக், வயது 35. நான்கு மாதத்துக்குள் மூன்று சண்டைக்காரர்கள்.

ரிப்பியன் ரசிகர்களின் தனிச் செல்லம். டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. ஏ.எச்.எல்.லில் மனிடோபா மூஸ் அணிக்கு ஆடி, அங்கிருந்து வான்கூவர் கனக்ஸுக்கு ஏறியவர். ஆறடிகூட இல்லாத ஆள், தன்னைவிட அரையடி உயரமானவர்களைத் தேடிப்போய் மல்லுக்கு நிற்பார். மனச்சோர்வு நோய்க்காக இருமுறை நீண்ட விடுப்பு எடுத்திருந்தார். 2010 அக்டோபரில் மினசோட்டாவில், களத்திலிருந்து வெளியேறும்போது கைதட்டிச் சீண்டிய ஒரு ரசிகரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆறு ஆட்டம் தடை. அன்று அது ஒரு சண்டைக்காரனின் திமிராகத்தான் செய்திகளில் வந்தது. பத்து மாதம் கழித்து அதே காட்சியைத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு கனத்தது. அவர் நினைவாக, மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசும் முயற்சிகளை வான்கூவர் அணி தொடங்கியது. பிறகு அவை மற்ற கனடா அணிகளுக்கும் பரவின.

இந்த இடத்தில் ரசிகரும் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் சண்டைகளை மட்டும் தொகுத்த வீடியோ கேசட்டுகள் கைமாறின. யார் யாரை வீழ்த்தினார் என்று கணக்கு நோட்டுகள் இருந்தன. கையுறை விழும் முன்பே இருக்கையிலிருந்து எழுந்தவர்கள் அவர்கள். அந்தக் கைதட்டல் கேட்டுத்தான் உடைந்த விரலோடு, வீங்கிய கண்ணோடு அடுத்த ஆட்டத்துக்கும் அந்த ஆட்கள் இறங்கினார்கள். இறங்காவிட்டால் கீழே ஹூஸ்டனிலோ ஹார்ட்ஃபோர்டிலோ இன்னொரு நெட்டைப் பையன் காத்திருந்தான். பூகார்டுக்காக மினசோட்டாவின் எக்ஸெல் அரங்கில் ரசிகர்கள் கூடி அழுதபோது, அந்த அழுகையில் துக்கத்தோடு இந்தக் குற்ற உணர்வும் கலந்திருந்திருக்கும்.

2023-இல் ஜாமா குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 1967 முதல் என்.எச்.எல்.லில் ஆடிய 6,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை அலசியது. மொத்த இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இறந்தவர்களில், சண்டைக்காரர்கள் தங்களை ஒத்த மற்ற வீரர்களைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாகவே போய்விட்டிருந்தார்கள். போதை மருந்து, தற்கொலை, மூளை நரம்பு நோய் ஆகியவை அவர்களிடம் கூடுதலாக இருந்தன. லீகோ 2018-இல் 318 முன்னாள் வீரர்களோடு 1.89 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே. லீகின் தலைவர் கேரி பெட்மன், ஹாக்கிக்கும் சி.டி.இ. நோய்க்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றே சொல்லிவருகிறார். இத்தனை மூளைகளைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.

ரசிகர்கள் ஏற்றிவைத்த ஆள்

ஜான் ஸ்காட் பூகார்டின் நண்பர். மினசோட்டாவில் சக வீரர். ஆறடி எட்டு அங்குலம். டிராஃப்ட்டில் எடுக்கப்படாதவர். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அவரும் ஹூஸ்டன் ஏரோஸ் வழியாகவே மேலே வந்தார். 2012-இல் சில வாரம் ரேஞ்சர்ஸ் ஜெர்சியும் போட்டார். மொத்தம் 286 ஆட்டம், ஐந்து கோல்.

லீகின் நட்சத்திரங்கள் ஆடும் 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது, ஒரு விளையாட்டுப்போல அவர் பெயருக்கு வாக்கு குவியத் தொடங்கியது. பசிபிக் பிரிவின் கேப்டனாகவே தேர்வாகிவிட்டார். லீகுக்குத் தர்மசங்கடம். விலகிக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள் என்றும், உன் பிள்ளைகள் இதை நினைத்துப் பெருமைப்படுவார்களா என்று லீகிலிருந்து ஒருவர் கேட்டார் என்றும் ஸ்காட் பின்னர் எழுதினார். ஜனவரியில் அரிசோனா அணி அவரை மாண்ட்ரியலுக்கு மாற்றியது. மாண்ட்ரியல் உடனே அவரை ஏ.எச்.எல்.லுக்கு, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸுக்கு அனுப்பியது. பிரசவத்துக்குக் காத்திருந்த மனைவியை விட்டு, கண்டத்தின் கிழக்கு விளிம்புக்கு.

விளையாட்டாக வாக்களித்த ரசிகர்கள் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேலி ஆதரவாக மாறியது. லீக் கடைசியில் அவரை ஆட அனுமதித்தது. ஜனவரி 31, நாஷ்வில்: சின்ன லீக் வீரராக இருந்தபடியே ஆல்-ஸ்டார் களத்தில் இறங்கிய ஸ்காட் இரண்டு கோல் போட்டார். சிறந்த வீரருக்கான வாக்குச்சீட்டில் அவர் பெயரே இல்லை. ரசிகர்கள் தாங்களே எழுதிப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். லீகின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் அவரைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள். சில நாட்களில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரு ரசிகர் கூட்டம் தன் காவல்காரனுக்குச் செய்த மிக நல்ல காரியம் இதுதான்.

குறைந்துவரும் கூட்டம்

2008-09 சீசனின் 1,230 ஆட்டங்களில் 700-க்கும் மேற்பட்ட சண்டைகள் நடந்தன. பத்தாண்டு கழித்து அந்த எண்ணிக்கை 250-க்குக் கீழே போய்விட்டது. 1992-இல் சண்டையை முதலில் தொடங்குபவருக்குக் கூடுதல் தண்டனை வந்தது. 2005-இல் சம்பள உச்சவரம்பும் வேகமான ஆட்டமும் வந்தன. ஐந்து நிமிடம் மட்டும் ஆடத் தெரிந்தவருக்குக் கொடுக்க அணிகளிடம் காசும் இல்லை, இடமும் இல்லை. 2012 ஜனவரியில் டொரொன்டோ அணி, முன்பு ரேஞ்சர்ஸின் சண்டைக்காரராக இருந்த கால்டன் ஓரைச் சின்ன லீகுக்கு இறக்கியபோது பொது மேலாளர் பிரையன் பர்க் செய்தியாளர்கள் முன்னால் வருந்தினார். தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் கோழைத்தனமாக இடிப்பவர்கள் பெருகுவார்கள் என்பது அவர் வாதம். ரசிகர்களில் பாதிப் பேர் இன்றும் அந்தக் கட்சிதான்.

சின்ன லீகும் மாறியது. 2004-05-இல் பிங்கம்டன் அணியின் பிரையன் மெக்ராட்டன் ஒரே சீசனில் 551 தண்டனை நிமிடம் வாங்கினார், அது ஏ.எச்.எல். சாதனை. இனி யாரும் அதைத் தொட வழியில்லை. 2016 முதல் பத்தாவது சண்டைக்கு ஒரு ஆட்டம் தடை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தடை. கோல்கீப்பர்கள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் 13 பேர் அனுபவம் குறைந்த வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சண்டைக்கென்று மட்டும் ஒரு பழைய கையை வைத்திருக்க இடம் ஏது? கியூபெக்கின் ஜூனியர் லீக் 2023-இல் இன்னும் ஒரு படி மேலே போய், சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம் என்றாக்கிவிட்டது.

மெக்ராட்டனை அந்த 551-க்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது தப்பு. குடிப்பழக்கத்தில் சிக்கி, 2008-இல் தானாக லீகிடம் போய் உதவி கேட்டு மீண்டவர். ஓய்வுக்குப் பின் கால்கரி அணியில் இளம் வீரர்களுக்கு மனத்துணையாக இருக்கும் வேலையைச் செய்தார். அவருடைய சாதனைகளில் பெரியது அதுதான்.

முரட்டுத்தனம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஈழத்தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில் பிறந்த வேய்ன் சிமண்ட்ஸ் போல, சண்டையும் போட்டு 250 கோலுக்கு மேலும் அடித்து, ஆயிரம் ஆட்டத்தைத் தாண்டிய ஆட்களின் காலம் இது.

மறுபடியும் ஹார்ட்ஃபோர்டு

முதல் ஆட்டத்துக்குப் பிறகு இரண்டே வாரத்தில் ரெம்ப்பி இன்னும் மூன்று பேரோடு மோதினார்: ஃபிலடெல்ஃபியாவின் டெலோரியே, கொலம்பஸின் ஒலிவியே, டொரொன்டோவின் ரையன் ரீவ்ஸ். கண்ணைச் சுற்றிக் கருத்து வீங்கியது. ஃபிலடெல்ஃபியாவில் சண்டை போட்ட அதே நாளில் முதல் கோலும் வந்தது. கார்டனில் "வீ வான்ட் ரெம்ப்பி" என்று கூரை பிளக்கும் கோஷம். மார்ச்சில் முழங்கையால் இடித்ததற்கு நான்கு ஆட்டத் தடை. ஏப்ரல் 3-ஆம் தேதி நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு எதிராக, பக் கீழே விழுந்த நொடியில் பத்து வீரர்களும் ஜோடி ஜோடியாகக் கட்டிப் புரண்டார்கள். சீசன் முடிவில் கணக்கு: 17 ஆட்டம், ஒரு கோல், 71 தண்டனை நிமிடம்.

டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அது கொண்டாட்டம். பூகார்டை அதே ஜெர்சியில் பார்த்திருந்த பழைய ரசிகர்களுக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. அதே அணி, அதே உயரம், அதே கோஷம்.

அடுத்த சீசனின் தொடக்கத்தில் அணி நிர்வாகம் ரெம்ப்பியைத் திரும்ப ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பியது. கார்டனில் உட்கார்ந்து தேய்வதைவிட அங்கே நிறைய நிமிடங்கள் ஆடட்டும், ஸ்கேட்டிங்கும் பக்கைக் கையாளும் திறமையும் வளரட்டும் என்பது காரணம். பலர் அதைத் தண்டனையாகப் பார்த்தார்கள். அவரை ஆறாம் சுற்றிலிருந்தே பின்தொடர்ந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பூகார்டுக்குக் கிடைக்காத இரண்டாவது கதவு அது.

சண்டைக்கு ஐந்து நிமிடம் போதும் என்ற விதியை என்.எச்.எல். தூக்கியெறிய வேண்டும், கியூபெக் சிறுவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பைப் பெரியவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அதுவரை ரசிகர்களிடம் ஒன்று கேட்கலாம். கார்டனில் ரெம்ப்பியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்கள், ஹார்ட்ஃபோர்டில் ஒரு சனிக்கிழமை இரவு அவரைப் போன்ற ஒரு பையன் சண்டையே போடாமல் 14 நிமிடம் ஆடிவிட்டு வெளியே வரும்போதும் எழுந்து நின்று கைதட்டுங்கள்.